டிக்கிக்குள் ஒரு பானை

போன மாதம் ஒரு நாள் காலையில் மகள் போன் செய்தாள். குரலிலேயே கோபம் தெரிந்தது. பேரன் வாங்கியிருக்கும் பழைய காரில் 'சப்வூஃபர்' என்று ஏதோ பெரிய ஸ்பீக்கர் மாட்டப் போகிறானாம்.

"அப்பா, உங்க காது போனது பத்தாதுங்களா? அவனைக் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை சொல்லி வையுங்க" என்றாள்.

அவள் என்னிடம் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கோவையில் ஒரு நூற்பாலையின் தறிக் கூடத்தில் 34 வருடம் வேலை பார்த்தவன் நான். உள்ளே பேச முடியாது, எல்லாம் கை ஜாடைதான். காதில் வைக்கப் பஞ்சு கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று வைக்காமல் விட்டவர்களில் நானும் ஒருவன். ஓய்வு பெற்ற பிறகு காதுப் பரிசோதனை செய்தபோது, டாக்டர் அந்த வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் அருகே கோடு பள்ளத்தில் விழுவதைக் காட்டி, "இது சத்தத்தில் வேலை பார்த்தவர்களுக்கு வருகிற பள்ளம்" என்றார். இன்று குக்கர் விசில் எனக்குப் பாதிதான் கேட்கிறது. பேத்தி வேகமாகப் பேசினால் வல்லின எழுத்துகள் எல்லாம் காணாமல் போய்விடுகின்றன. ராத்திரி அமைதியில் காதுக்குள் ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

இப்படிப்பட்ட ஆளிடம் கேட்டால் "வேண்டாம்" என்றுதான் சொல்வான் என்று மகள் நினைத்தாள். நான் பேரனைக் கூப்பிட்டு, "மாட்டு கண்ணு. ஆனால் கடையில் வாங்காதே. பெட்டியை நாமே செய்யலாம்" என்றேன். மகள் இன்னும் என் மேல் வருத்தமாகத்தான் இருக்கிறாள். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை அவளுக்கும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. 1983-ல் பொள்ளாச்சிப் பக்கம் இருந்த என் மச்சான் வீட்டில் ஒரு டேப் ரெக்கார்டர் செட் இருந்தது. ஆம்ப்ளிஃபயர் உள்ளூர் ரேடியோ மெக்கானிக் கோத்துக் கொடுத்தது. ஸ்பீக்கருக்குப் பெட்டி கிடையாது. திண்ணையில் இரண்டு மண்பானை, அவற்றின் வாயில் ஆளுக்கு ஒரு ஸ்பீக்கர், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் டீக்கடையிலிருந்து கல்யாண வீடு வரை பானை ஸ்பீக்கரைப் பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்பீர்கள். ஸ்பீக்கரைக் கையில் தூக்கினால் கிணற்றுக்குள்ளிருந்து கத்துவது போல் இளைத்த சத்தம் வரும். பானை வாயில் திரும்ப வைத்தவுடன் 'தும் தும்' என்று திண்ணையே அதிரும். எனக்கு அது மாயமந்திரம் போல இருந்தது.

மாயமெல்லாம் ஒன்றும் இல்லை. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது, அதே நொடியில் பின்பக்கக் காற்று தளர்கிறது. தாழ்ந்த சுருதியில் இந்த இரண்டும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை எட்டரை மீட்டர் நீளம். அதற்கு ஒரு பத்து அங்குல ஸ்பீக்கரின் விளிம்பைச் சுற்றி வருவது பெரிய வேலையா என்ன? நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். பழைய ஸ்பீக்கர் ஒன்றைப் பாட விட்டு, நடுவில் ஓட்டை போட்ட பெரிய அட்டையை அதன் முகத்தில் அழுத்திப் பிடியுங்கள். தாழ்ந்த சத்தம் சட்டென்று கூடுவது எனக்கே கேட்கிறது, உங்களுக்குக் கேட்காதா?

ஆக, பெட்டி என்பது ஸ்பீக்கருக்குப் போடும் சட்டை அல்ல. பின்பக்க அலையைப் பிடித்து வைக்கும் சிறை அது. மச்சானின் பானை அதைச் செய்தது. ஆனால் அதில் ஒரு குறையும் இருந்தது. எந்தப் பாட்டைப் போட்டாலும் அடியில் ஒரே 'தும்'தான். பாட்டுக்குப் பாட்டு மாற வேண்டிய பேஸ் கிட்டார் எல்லாம் ஒரே சுருதியில் முட்டிக்கொண்டு நிற்கும். பானை அந்த ஸ்பீக்கருக்குச் சின்னது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

இத்தனை வருடம் கழித்து அதே பானையை ஒரு கார் ஆடியோ கடையில் பார்த்தேன். பேரனோடு போயிருந்தேன். சுவர் முழுக்க ரெடிமேட் பெட்டிகள். நீல விளக்கு எரியும் ஒன்றைக் காட்டிக் கடைப் பையன், "ஐயா, இது 1200 வாட்டுங்க. டிக்கியே அதிரும்ங்க" என்றான். அந்த 1200 என்பது ஒரு கணம் தாக்குப்பிடிக்கும் உச்ச அளவு. பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். என்று போட்டிருக்கும் தொடர்ச்சியான அளவு. அது அட்டையில் பொடி எழுத்தில் 250 என்று இருந்தது. பெட்டிக்குள் எத்தனை லிட்டர் காற்று என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. அது யாரும் அவனிடம் கேட்காத கேள்வி. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆனால் என் கருத்தே இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. நம் ஊரில் ஸ்பீக்கருக்கு விலை பேசுகிறோம், வாட்டுக்கு விலை பேசுகிறோம், விளக்குக்குக்கூட விலை பேசுகிறோம். பெட்டியின் கொள்ளளவைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. சத்தத்தைப் பாட்டாக்குவதும் இரைச்சலாக்குவதும் அந்தக் கொள்ளளவுதான்.

பெட்டியில் பல வகை உண்டு. பெரும்பாலோர் தேர்ந்தெடுக்க வேண்டியது இரண்டில் ஒன்று. முழுக்க மூடிய பெட்டி ஒன்று. காற்று போகக் குழாய் வைத்த பெட்டி மற்றொன்று, அதைக் கடைகளில் 'போர்ட்டட்' என்பார்கள். காலி பாட்டில் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுருதி எழும்புகிறதே, குழாய்ப் பெட்டி அந்தத் தத்துவத்தில் வேலை செய்கிறது. குழாயின் நீளத்தையும் அகலத்தையும் பெட்டியின் கொள்ளளவையும் பொருத்தி, வேண்டிய சுருதியில் 'ஊத' வைப்பது.

குழாய்ப் பெட்டிக்காரர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அந்தச் சுருதிக்கு அருகே அதே ஆம்ப்ளிஃபயரில் அது கூடுதலாகச் சத்தம் தரும். மூன்று டெசிபல் கூடினாலே ஆம்ப்ளிஃபயரின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. பெட்டி பொதுவாகப் பெரிதாகும். கணக்கில் சிறு தவறு வந்தாலும் மச்சான் வீட்டுப் பானை மாதிரி ஒரே சுருதியில் முட்டும். குழாயின் சுருதிக்குக் கீழே போனால் கூம்பைப் பிடித்து நிறுத்தக் காற்றின் அழுத்தம் இருக்காது. அது கட்டறுந்து ஆடி, காயில் அடிபடும். அதற்கென்று தனி ஃபில்டர் வைக்க வேண்டும். முதல் தடவை பெட்டி செய்கிறவனுக்கு இத்தனை தலைவலி வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

மூடிய பெட்டிக்குக் காரே ஒரு உதவி செய்கிறது. இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. மூடிய பெட்டியில் ஒரு சுருதிக்குக் கீழே சத்தம் இறங்கிக்கொண்டே போகும், ஒவ்வொரு எண்மத்துக்கும் 12 டெசிபல் வீதம். வீட்டு ஹாலில் இது குறைதான். ஆனால் கார் சின்ன அறை. அலையின் நீளத்தை ஒப்பிட்டால் கார் ஒரு டப்பா. ஸ்பீக்கர் அதற்குள் அலை எழுப்புவதில்லை, சைக்கிள் பம்பு போல மொத்தக் காற்றையும் அழுத்தித் தளர்த்துகிறது. அதனால் தாழத் தாழக் காருக்குள் சத்தம் தானாகக் கூடுகிறது. பெட்டி இறக்குவதைக் கார் ஏற்றுகிறது. கதவு இடுக்கு, கண்ணாடி எல்லாம் கசிவதால் கணக்குப் போட்டபடி முழுதும் ஈடாகாது. ஆனாலும் ஒரு சின்ன மூடிய பெட்டி காரில் எழுப்பும் ஆழத்தை அதே பெட்டி வீட்டில் எழுப்பாது.

மூடிய பெட்டி ஏதோ ஏழைக்கு ஏற்ற எள்ளுருண்டை என்று நினைக்க வேண்டாம். 1954-ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சூர் கொண்டு வந்த ஏ.ஆர்-1 என்ற ஸ்பீக்கர் மூடிய பெட்டிதான். அதற்கு முன் ஆழமான பேஸ் வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டும் என்று இருந்தார்கள். உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக வைத்து, புத்தக அலமாரியில் அடங்கும் பெட்டியில் அதே ஆழத்தைக் கொண்டு வந்து காட்டினார் அவர். பிறகு ஆஸ்திரேலியாவில் 1961-ல் நெவில் தீல் எழுதிய கட்டுரையும், 1970-களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் எழுதிய கட்டுரைகளும் பெட்டி செய்வதை ஊகத்திலிருந்து கணக்குக்குக் கொண்டு வந்துவிட்டன. இன்று நல்ல ஸ்பீக்கர் எதை வாங்கினாலும் கூட வரும் தாளில் இருக்கும் எண்களுக்கு இவர்கள் இருவர் பெயர்தான்.

அந்தத் தாளில் மூன்று எண்ணைப் பார்த்தால் போதும். எஃப்.எஸ். என்பது ஸ்பீக்கர் இயல்பாக அதிரும் அதிர்வெண். வி.ஏ.எஸ். என்பது அதன் தொங்கலுக்குச் சமமான விறைப்புள்ள காற்று எத்தனை லிட்டர் என்பது. கியூ.டி.எஸ். என்பது ஆடத் தொடங்கிய கூம்பு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதன் கணக்கு.

பேரன் வாங்கியது பத்து அங்குல ஸ்பீக்கர். அதன் எண்கள் ஏறக்குறைய எஃப்.எஸ். 30, வி.ஏ.எஸ். 30 லிட்டர், கியூ.டி.எஸ். 0.5. மூடிய பெட்டிக்குள் போன பிறகு இந்தக் கடைசி எண் 0.7 அருகே வருவது நல்லது என்பது பொதுவான இலக்கு. 0.707-ஐ 0.5-ஆல் வகுத்தால் 1.414. அதை அதாலேயே பெருக்கினால் 2. ஒன்றைக் கழித்தால் 1. வி.ஏ.எஸ். 30-ஐ அந்த ஒன்றால் வகுத்தால் 30 லிட்டர். இதுதான் பெட்டி. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. இதே ஸ்பீக்கரைப் பத்து லிட்டர் பெட்டியில் திணித்தால் அந்த எண் 1-க்குப் போய்விடும், பானைச் சத்தம் வரும். ரெடிமேட் பெட்டியில் நமக்குக் கிடைப்பது எத்தனை லிட்டர் என்றே தெரியாமல் வாங்குவது, அளவெடுக்காமல் சட்டை தைப்பது மாதிரி.

பெட்டிக்குப் பலகை 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். மெல்லிய பிளைவுட் என்றால் பலகையே சேர்ந்து பாடும், அது வேண்டாம். உள் அளவு 40 செ.மீ. அகலம், 32 உயரம், 25 ஆழம் என்று போட்டேன். பெருக்கினால் 32 லிட்டர். ஸ்பீக்கரின் காந்தமும் உள்ளே வைக்கும் தாங்கு கட்டையும் ஏறக்குறைய இரண்டு லிட்டரை அடைத்துக்கொள்ளும், மீதி 30.

எங்கள் தெரு முனையில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரியிடம் துண்டுச் சீட்டைக் கொடுத்தேன். அவர் வழக்கமான பழக்கத்தில் 40, 32, 25 என்று வெளி அளவாக எடுத்துக்கொண்டு வெட்டப் போனார். நல்லவேளை, பக்கத்தில் நின்றிருந்தேன். வெளி அளவாக வெட்டியிருந்தால் உள்ளே 22 லிட்டர்தான் மிஞ்சும். பலகையின் கனம் மட்டும் பத்து லிட்டரைத் தின்றுவிடும்! "ஏனுங்க, ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்கு இத்தனை கணக்குங்களா?" என்று சிரித்தார். பிறகு முன், பின் பலகை 43.6-க்கு 35.6 இரண்டு, மேல், கீழ் 43.6-க்கு 25 இரண்டு, பக்கம் 32-க்கு 25 இரண்டு என்று மெஷினில் நூல் பிசகாமல் வெட்டிக் கொடுத்தார். கையால் ரம்பம் போட்டு வெட்டினால் மூலை சேராது. வெட்டுக்கூலியில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

எம்.டி.எஃப். பலகையின் ஓரத்தில் நேரடியாக ஸ்க்ரூ இறக்கினால் பிளந்துவிடும். முதலில் மெல்லிய துளை போட்டு, பசை தடவி, பிறகு ஸ்க்ரூ. பசை காய ஒரு ராத்திரி முழுக்க விட வேண்டும். அதன் பிறகு உள் மூலைகள் எல்லாவற்றிலும் சிலிக்கான் பூச்சு. அதன் புளித்த வாசனை போகும்வரை ஸ்பீக்கரை மாட்டக் கூடாது. ஸ்பீக்கர் விளிம்புக்கும் பலகைக்கும் நடுவே கதவு இடுக்கில் ஒட்டும் ஃபோம் டேப்.

மூடிய பெட்டி என்றால் மூடியிருக்க வேண்டும். ஊசி முனை ஓட்டை இருந்தாலும் 'புஸ்' என்று சத்தம் வரும். நாங்கள் ஊதுபத்தி கொளுத்தி, பேரன் கூம்பை மெதுவாக உள்ளங்கையால் அழுத்த, நான் புகையை ஒவ்வொரு மூலையாகக் கொண்டு போனேன். வயர் வெளியே வரும் இடத்தில் புகை ஆடியது. அங்கே இன்னொரு சொட்டு சிலிக்கான். கூம்பு திரும்பி வருவது மெதுவாக இருந்தால் பெட்டி இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. பேட்டரியிலிருந்து டிக்கி வரை போகும் வயருக்கு, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வேண்டும். 250 வாட் ஆம்ப்ளிஃபயர் முழு வேகத்தில் இருபது ஆம்பியருக்கு மேல் இழுக்கும். தகடு வழியாக வயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லாமல் தோல் உரிந்து பாடியில் பட்டால், ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயர் பக்கம் இருந்து பயனில்லை, வண்டி எரியும். அடுத்தது, ஸ்பீக்கரோடு சேர்த்துப் பெட்டி 15 கிலோ வரும். அதை 'எல்' கிளாம்பு போட்டு டிக்கித் தரையில் முடுக்க வேண்டும். திடீர் பிரேக்கில் அது பின் சீட்டை மோதினால், உட்கார்ந்திருப்பது என் பேத்தி.

இப்போது மகளின் கேள்விக்கு வருகிறேன். காது கெட்டவன் எதற்காகப் பேரனுக்குச் சப்வூஃபர் செய்து கொடுக்கிறான்?

மனிதக் காது மெல்லிய சத்தத்தில் தாழ்ந்த சுருதியைச் சரியாகக் கேட்பதில்லை. 1933-லேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக் கூடத்தில் இதை அளந்து காட்டிவிட்டார்கள். சத்தம் குறைந்தால் முதலில் பேஸ்தான் காணாமல் போகும். காரில் இன்னும் மோசம். டயர் உருளும் சத்தமும் எஞ்சின் சத்தமும் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் இருப்பதால் பாட்டின் பேஸை அவை மூடிவிடும். கதவில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் கேட்கவில்லை என்று பையன் என்ன செய்வான்? வால்யூமைத் திருகுவான். பேஸ் கொஞ்சம்தான் வரும். ஆனால் காதுக்கு நேராக அடிக்கும் உச்ச சுருதிகள் எல்லாம் பல மடங்கு ஏறும். பேரன் காரில் முதல் தடவை உட்கார்ந்தபோது எனக்கே காது கூசியது.

85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்பது அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைத்திருக்கும் எல்லை. ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94 என்றால் ஒரு மணி நேரம், 100 என்றால் கால் மணி. அவன் அவினாசி ரோட்டில் தினம் ஆபீஸ் போய் வருவதே ஒன்றரை மணி நேரம். தறிக் கூடத்தில் நான் சம்பளத்துக்காகக் காதைக் கொடுத்தேன். இவன் பணம் கட்டி அல்லவா கொடுக்கப் பார்க்கிறான்!

"பாட்டே கேட்காதே" என்றால் இந்த வயதில் யார் கேட்பார்கள்? என் அப்பா சொல்லி நான் கேட்டேனா? அதனால்தான் நல்ல பெட்டி. பேஸைத் தனியாக ஒரு ஸ்பீக்கரிடம் ஒப்படைத்துவிட்டால், கதவு ஸ்பீக்கர்களை அலற விட வேண்டியதில்லை. பெட்டி முடிந்த அன்று பேரனிடம் ஒரு ஒப்பந்தம் போட்டேன். வால்யூமை முன்பு வைத்த இடத்துக்குப் பாதியில் வை, சப்வூஃபரை அதற்குத் தக்கபடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று, பாட்டு நிறைந்தவுடன் கையை எடுத்துவிடு.

"இது போதும்ங்க அப்பச்சி. முன்ன 28-ல வெப்பேன், இப்ப 17-லயே நல்லா இருக்குது" என்றான்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. தெருவுக்குள் நுழையும்போது சப்வூஃபரை அணைத்துவிட வேண்டும். தாழ்ந்த சுருதிக்குச் சுவரும் கதவும் பொருட்டே இல்லை. பாட்டு அவன் காரில், ஜன்னல் கிடுகிடுப்பது எதிர்வீட்டுக் கைக்குழந்தைக்கு. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு பத்து மணிக்கு மேல் 45 டெசிபல்தான் அனுமதிக்கின்றன. விதி இருக்கட்டும், பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் காலையில் விழிக்க வேண்டாமா?

போட்டி வைத்து டிக்கிக் கதவு பிதுங்க அடிப்பவர்களுக்கு நான் சொன்னது எதுவும் பொருந்தாது. அது வேறு விளையாட்டு. பாட்டுக் கேட்க விரும்புகிற பிள்ளை வீட்டில் இருந்தால், தடுக்காதீர்கள். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கூட உட்காருங்கள். பத்து அங்குல ஸ்பீக்கர் ஒன்று, கணக்குப் போட்ட மூடிய பெட்டி ஒன்று, நேர்மையான வாட் உள்ள ஆம்ப்ளிஃபயர் ஒன்று. இதற்கு மேல் ஒரு சின்னக் காருக்குத் தேவையில்லை என்பதே என் தீர்மானமான கருத்து.

எனக்கும் ஒரு லாபம் உண்டு. இரைச்சல் முதலில் தின்பது உச்ச சுருதிகளைத்தான். தாழ்ந்தவை எனக்கு இன்னும் மிச்சம் இருக்கின்றன. போன ஞாயிற்றுக்கிழமை பேரூர் வரை போய் வந்தோம். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் குழைந்து விழும் அந்த 'கும்' பல வருடங்களுக்குப் பிறகு எனக்குச் சுத்தமாகக் கேட்டது. வலந்தலையில் விழும் விரல்தான் கேட்கவில்லை. பேரன் சொல்லித்தான் அது வாசிக்கப்படுகிறது என்று தெரிந்தது. அவன் ஒன்றும் பேசாமல் வால்யூமை இன்னும் ஒரு புள்ளி குறைத்தான்.

மகளுக்கு மட்டும் இப்போது வேறு புகார். டிக்கியில் அரிசி மூட்டை வைக்க இடமில்லையாம். அதில் நியாயம் இருக்கிறது. அதற்கு என்னிடம் கணக்கு எதுவும் இல்லை.